நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் ஊர் குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவு வீடு. எனக்கு அதுதான் அலுவலகம். இருபத்தாறு வருடமாகக் குற்றச் செய்தி எழுதுகிறேன். போலீஸ் நிலையத்தில் கிடைத்ததைவிடப் பந்தலுக்கடியில் எனக்குக் கிடைத்ததே அதிகம். கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு, முன்வரிசையிலிருந்து எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு, கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும். துக்கத்துக்கு வந்தவர்களின் வாய் சும்மா இருக்காது. யாருடைய மாமியாருக்கு யார் மருந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்பதுவரை தானாக வந்து காதில் விழும்.

ஆறு புத்தகம் எழுதியிருக்கிறேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது, அதனால் நேராகவே சொல்கிறேன்: ஆறும் நன்றாக விற்றன. கெஜெட்டியா பேருந்து நிலையத்தில் வாழைக்காய் சுட்டு விற்கிற பெண்கூட, "கொனாடு அக்கா, அடுத்த கொலை எப்போ?" என்று கேட்பாள். அதில் முதல் புத்தகம், 'பழைய கிணறு', மற்ற ஐந்துக்கும் சேர்த்துச் சோறு போட்டது.

கதை ஊருக்கே தெரியும். ஃப்ரிம்போமா என்று ஒரு பள்ளி ஆசிரியை. முப்பத்திரண்டு வயது. ஒரு புதன்கிழமை, வீட்டுக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். திங்கட்கிழமை இரவே இறந்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். கணவன் பெடியாக்கோ, ரோடு போடுகிற கான்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையே காரை எடுத்துக்கொண்டு தலைநகர் அக்ராவுக்குப் போய்விட்டதாகவும், புதன்கிழமை தகவல் கேட்டுத்தான் ஓடிவந்ததாகவும் கோர்ட்டில் அழுதான். வீட்டில் மிச்சமிருந்தது காவல்காரர் அயாம்கா ஒருவர்தான். வடக்கே போல்காவிலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய பாய்க்கடியில் ஃப்ரிம்போமாவின் தங்கச் சங்கிலி இருந்தது. முடிந்தது வழக்கு.

அயாம்கா கடைசிவரைக்கும் ஒன்றையே சொன்னார்: "திங்கக்கிழமை சாயங்காலம் முதலாளி கார்ல வந்தாரு. அம்மாவைக் காருக்குப் பக்கத்துல நிக்க வச்சு போட்டோ புடிச்சாரு. அப்புறம் என்னைச் சந்தைக்கு அனுப்பிட்டாரு."

இதை நான் சும்மா விடுவேனா? வாராவாரம் என் பத்தியில் வறுத்தெடுத்தேன். அப்புறம் புத்தகத்திலும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு முழுப் பக்கம். "இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி அக்ராவில் நின்ற காரைக் குமாசியில் இருந்தபடியே பார்த்த கண் அது. அந்தக் கண்ணைக் கேட்டுக்குக் காவல் வைத்ததே தப்பு, வானிலை ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும்." ஊரே சிரித்தது. டாக்ஸி டிரைவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். இல்லாத சாமானை விற்கிறவனைப் பார்த்து "என்ன, அயாம்கா கண்ணு வச்சிருக்கியா?" என்று கேட்பது இன்றும் சந்தையில் உண்டு. ஆயுள் தண்டனை கொடுத்தது நீதிபதிதான். ஆனால் அதற்கு முன்பே என் பத்தியைப் படித்து ஊர் தீர்ப்பு எழுதியிருந்தது.

பத்தாவது வருடப் பதிப்பு வருவதாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை, பேருந்து நிலையப் புத்தகக் கடையில் உட்கார்ந்து பழைய பிரதிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும், தோளில் இஞ்ச் டேப் தொங்க ஒரு அம்மா வந்து, புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதை எழுதினது நீதானாம்மா?"

"நான்தான். பேரு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"எனக்குப் படிக்கவே வராது, உன் கையெழுத்தை வச்சு என்ன பண்றது? அட்டையைப் பாரு. இந்தக் கபா நான் தைச்சது."

அட்டையில் ஃப்ரிம்போமா. பச்சையும் மஞ்சளுமாகக் கபா உடை, சிரித்த முகம், பின்னால் வெள்ளை மேகம். சாவுச் சுவரொட்டியில் போட்டிருந்த அதே படம். அதைத்தான் அட்டைக்கும் எடுத்திருந்தேன்.

"அழகாத் தைச்சிருக்கீங்க."

"அழகா எங்க தைச்சேன்? இடது தோள்ல மூணாவது மடிப்பைப் பாரு, கோணிக்கிட்டு நிக்குது. பாவி அவசரம். மறுநாள் விடியக்காலைல எனக்கு எல்லை தாண்டி அபிஜானுக்குப் பஸ்ஸு. மக பிரசவத்துக்குப் போனவ, அங்கேயே தங்கிட்டேன், போன மாசம்தான் திரும்பினேன். அவ சாயங்காலம் வந்து, கை தைச்சு முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்து வாங்கிட்டுப் போனா. செத்துட்டான்னு இந்த அட்டையைப் பார்த்து விசாரிச்சப்போதான் எனக்குத் தெரியும், நான் ஊருக்குப் போன அதே வாரமாம்."

பேனாவை மூடி வைத்தேன். "என்னைக்கு வாங்கிட்டுப் போனா?"

"திங்கக்கிழமை. எனக்குச் செவ்வாக்கிழமை பஸ்ஸுன்னா அது திங்கக்கிழமைதானே? பத்திரிகைக்காரிங்கிறே, இதுகூடத் தெரியாதா?"

அவள் பெயர் அச்சியாமா. அவள் போனபிறகும் நான் அந்த அட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் கைக்கு வந்த உடை. அன்று இரவு அவள் இறந்துவிட்டாள். கிணற்றிலிருந்து எடுத்தபோது உடம்பில் இருந்தது வீட்டுத் துணி. அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தது யார்? பத்து வருடம், முப்பதாயிரம் பிரதி, அத்தனையின் நெற்றியிலும் பதில் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான். தெரு முனையில் போய் வாந்தி எடுத்தேன், சொல்ல வெட்கமில்லை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு சுவரொட்டி போடுகிற சார்ஃபோவிடம் போனேன். இந்த ஊரில் பாதிச் சாவுக்குச் சுவரொட்டி அவன் கைதான். ஒரு படத்தையும் அழிக்கமாட்டான். வருட நினைவுச் சுவரொட்டிக்குக் குடும்பம் திரும்பி வரும் என்று எல்லாவற்றையும் சிடியில் போட்டு வைத்திருப்பான்.

"பெடியாக்கோ சம்சாரமா? எப்படிக்கா மறப்பேன்!" என்றான் சார்ஃபோ, அட்டைப்பெட்டியைக் கிளறிக்கொண்டே. "முதல்ல நாலு படம் கொண்டுவந்தாரு. எல்லாம் கண்றாவி. ஒண்ணுல கண்ணு மூடியிருக்கு, ஒண்ணுல பழைய துணி. 'பெரியவரே, இதைச் சுவத்துல ஒட்டினா, உயிரோட இருந்தப்போ பொண்டாட்டிக்கு நல்ல துணி எடுத்துக் குடுக்கலைன்னு அவங்க வீட்டு ஆளுங்க கிழிச்சிருவாங்க'ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம்தான் பையிலிருந்து கேமராவை எடுத்தாரு. 'ஆளை மட்டும் எடுத்துக்கோ, பின்னாடி இருக்கறது எதுவும் வேணாம், மேகம் போட்டுரு'ன்னாரு."

கொலையை மறைத்தவன், சங்கிலியைப் பாய்க்கடியில் வைத்தவன், நீதிபதி முன்னால் கண்ணீர் விட்டவன். ஆனால் சுவரொட்டியில் மோசமான படத்தைப் போட்டு ஊர் முன்னால் கஞ்சன் பெயர் வாங்க மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊரில் வேறு எவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான்.

சிடி சுழன்றது. மேகம் இல்லாத படம் திரையில் வந்தது. ஃப்ரிம்போமா சிரிக்கிறாள். பின்னால் அவர்கள் வீட்டு நீலக் கேட். அவள் கை வைத்திருப்பது பெடியாக்கோவின் கார் மேல், நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி. அவள் இறந்த அதே திங்கட்கிழமை.

வக்கீலிடம் போனேன். அச்சியாமாவும் சார்ஃபோவும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்கள். குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் கோப்பை வாங்கி, "பார்க்கலாம்" என்றார். மூன்று மாதமாகியும் பார்த்த பாடில்லை. பெடியாக்கோ இப்போது சாதாரண ஆள் இல்லையே. சர்ச்சில் மூப்பர், பாதி ஊருக்கு ரோடு போட்டவன். "சத்தம் வந்தாத்தான் கோப்பு நகரும்," என்றார் வக்கீல். சத்தம் போடுவது என் தொழில். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: அந்த மூன்று மாதத்தில் சிறைக்குப் போய் அயாம்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வக்கீலைத்தான் அனுப்பினேன்.

பெடியாக்கோவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, பத்தாம் வருஷப் பதிப்பு. நீங்கதான் தலைமை தாங்கணும்."

"என் ஃப்ரிம்போமாவுக்காக வராம இருப்பேனா தங்கச்சி? புத்தகத்துல புதுசா ஏதாவது சேத்திருக்கியா?"

"நிறைய சேத்திருக்கேன் அண்ணே. மேடையில பாருங்க."

அவன் படித்துப் பார்க்கக் கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வெளியீட்டு விழாவில் தலைவர் வேலை புத்தகம் படிப்பதில்லை. சுற்றியிருக்கிற துணியைப் பிரித்து, புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவதுதான்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. இன்ஸ்பெக்டரையும் அழைத்திருந்தேன், இலவச மீட் பை பலகாரம் என்றால் வராமல் இருப்பாரா? பெடியாக்கோ விசேஷத்துக்குப் போர்த்துகிற கென்டே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறினான். மனைவியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக் கண்ணைத் துடைத்தான். அப்புறம் புத்தகத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தான். வழக்கப்படி அட்டையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் உயரத் தூக்கினான். பின்னட்டைதான் அவன் பக்கம்.

கைதட்டல் தொடங்கி, பாதியிலேயே நின்றது. நீலக் கேட், கார், நம்பர் பிளேட், தேதி. மேகம் இல்லை. அந்தக் கார் எங்கே நின்றது என்பதுதான் இந்த ஊருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பகடியாயிற்றே! நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படிக்காதவர் அங்கே யாருமில்லை. நடுவரிசையில் ஒரு டாக்ஸி டிரைவர் எழுந்து நின்று, "அடப்பாவி, அயாம்கா கண்ணு..." என்று தொடங்கி, முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

பெடியாக்கோ சிரித்தபடி தூக்கிக்கொண்டே நின்றான். யாரும் தட்டவில்லை என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புத்தகத்தை இறக்கினான், திருப்பினான், பார்த்தான். மைக் திறந்தே இருந்தது.

"இது... இது அந்த ஞாயித்துக்கிழமை காலைல எடுத்தது," என்றான். "நான் அக்ரா கிளம்பறதுக்கு முன்னாடி. கேமராவுல தேதி தப்பு."

மூன்றாவது வரிசையிலிருந்து அச்சியாமா எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமை அந்தக் கபாவுக்கு நான் கையே தைக்கலையே!"

இன்ஸ்பெக்டர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கும் வேறு வழியில்லை.

வழக்கு நடந்தது. அக்ராவில் பெடியாக்கோவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததும், புது உடையில் படம் எடுத்த அதே சாயங்காலம் ஃப்ரிம்போமாவுக்கு அது தெரிந்துபோனதும், பிறகு நடந்ததும் வெளியே வந்தன. அயாம்கா விடுதலையானபோது சிறையில் அவருக்குப் பதினோரு வருடம் முடிந்திருந்தது.

சிறை வாசலில் நான்தான் நின்றேன். வக்கீலைப் போகச் சொல்லிவிட்டேன். அயாம்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பின்னட்டையில் என் படம் இருக்கிறதே.

மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். இருபத்தாறு வருடம் எழுதிச் சம்பாதித்தவளுக்கு முதல் வாக்கியம்கூட வாயில் வரவில்லை. அழுதேன்.

"அழாதீங்கம்மா," என்றார். "உங்க புத்தகம் உள்ளேயும் வந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. செல்லுல இருந்த பசங்க சத்தமா வாசிப்பாங்க. என் கண்ணைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அந்த இடம் வந்தா நிறுத்தி நிறுத்தி வாசிப்பாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஒரு தடவை நானே சிரிச்சிட்டேன். நல்லா எழுதறீங்கம்மா."

ஆறு புத்தகத்துக்கும் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். இதைப்போல் ஒன்று என் ஜென்மத்துக்கும் வேண்டாம்.

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டேங்க," என்றேன். "புதுப் பதிப்புல அது இல்ல. இனிமே யாரும் படிக்க மாட்டாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் தெரிந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க அத்தனை பேரும் மறுபடி படிக்கணும். அவங்க சிரிச்சது எதுக்குன்னு தெரியணும். திரும்பப் போடுங்கம்மா."

அடுத்த அச்சில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஒரு எழுத்து மாறாமல், அடியில் என் கையெழுத்தோடு. இப்போது புத்தகத்தை யார் நீட்டினாலும் நான் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, என் கண் முன்னால் வாசிக்கச் சொல்லிவிட்டு, அதில்தான் போடுகிறேன்.