எடைக்குப் போன ஜாஸ்

மலாயா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கேட்கத் தகுந்த ஜாஸ் ஆல்பங்கள் மூன்றே மூன்றுதான். அந்த மூன்றும் கோலா சாவா ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கணேசமூர்த்தி கிராணியின் கட்டிலுக்கடியில் இருந்தன. இதை அறிவித்தவரும் கணேசமூர்த்தியே. ஜப்பான்காரன் வருமுன் ஓடிப்போன தோட்டத்துத் துரை ஒரு கிராமபோனையும் அந்த ஆல்பங்களையும் ஒரு நாயையும் விட்டுப் போயிருந்தார். நாய் மட்டும் கூலியாட்களின் லயத்துக்குப் போயிற்று.

பால்வெட்டும் சன்னாசி சன்னலுக்கு வெளியே நின்று கேட்பான். பிறகு உள்ளங்கையைக் குவித்து வாயில் வைத்து, "ப்பாப்ப ப்பாஆ" என்று ஊதிக்கொண்டே மரத்துக்கு மரம் போவான்.

"ஏன்டா சன்னாசி, தொண்டையில முள்ளு சிக்கிருச்சா?"

"டிரம்பட்டுங்க கிராணி ஐயா."

"வாயால ஊதுறதெல்லாம் டிரம்பட்டுன்னா எங்க வீட்டு அடுப்பூதுற குழலும் டிரம்பட்டுதான்லா. ஜாஸுக்குக் காது மட்டும் பத்தாது, படிப்பு வேணும்."

உள்ளே மனைவி லெட்சுமி சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பதற்காகவே அவர் அதைத் தினமும் சொன்னார்.

எதிரி நாட்டுப் பாட்டுக் கேட்டால் தோலை உரிப்பார்கள் என்று உத்தரவு வந்தது. கிராமபோனைப் புதைத்தார். ஆல்பங்களைப் புதைக்கக் கை வரவில்லை.

அடுத்து லெட்சுமிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்கூடத்தில் கொயினா மாத்திரை தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பப்பாளி இலைக் கஷாயம் கேட்கவில்லை. ஜன்னி வந்த அன்று அவள் அவரைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவர் ஆல்பங்களைச் சாக்கில் போட்டார், மேலே மரவள்ளிக்கிழங்கை நிரப்பினார், சைக்கிளில் சிரம்பான் பட்டணத்துக்கு மிதித்தார். வழியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு ஒடியக் குனிந்தார். சிப்பாய் இரண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

மளிகைக்கடை மஸ்தானிடம் கள்ளத்தனமாகக் கொயினா இருந்தது. கணேசமூர்த்தி கிழங்கை ஒதுக்கி ஆல்பங்களை வெளியே எடுத்தார்.

"கடைசிக் கப்பல்ல வந்த புதுசு, பாய். இதுல பியானோ, தகரக்கூரையில மழை விழுந்த மாதிரி..."

மஸ்தான் இசைத்தட்டுகளைத் தராசில் அடுக்கினார். "பாட்டு யாருக்கு வேணும் தம்பி? சீனத் தச்சன் ஒருத்தன் தட்டுல இருக்குற அரக்குக்குக் கேக்குறான். சாராயத்துல ஊறப்போட்டு நாற்காலிக்கு மெருகு பூசுவான்."

"இதுல டிரம்பட் அழும், பாய்."

"அழட்டும். அட்டையக் கழட்டுங்க, அட்டைக்கு எடை கிடையாது."

"இத மட்டும் முழுசா வச்சிருங்களேன்."

"முழுசா இருந்தா ஜப்பான் போலீஸ் ரெண்டு பேரையும் தூக்கிருவான். உடைச்சா வெறும் அரக்கு." மஸ்தான் சுத்தியலை நீட்டினார். "உங்க பொருளு, நீங்களே உடைங்க."

ஒவ்வொன்றையும் உடைக்குமுன் அதன் சிறப்பைக் கணேசமூர்த்தி எடுத்துச் சொன்னார். மஸ்தான் மாத்திரைகளைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். பொட்டலம் சின்னதாக இருந்தது.

"இது பத்துமா பாய்?"

"துவா செய்யிறேன் தம்பி."

மறுநாள் பிற்பகல், மாத்திரையையும் மீறிக் குளிர் வந்தது. இருந்த துணியெல்லாம் மேலே போட்டும் கட்டில் தடதடவென்று ஆடியது.

"என்னங்க," என்றாள் லெட்சுமி, பல் கிட்டியபடி. அவரை அடையாளம் தெரிந்திருந்தது. "அந்த அழுவுற பாட்டப் போடுங்க."

"போடுறேன். கண்ண மூடு."

தட்டு எடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று கட்டிலுக்கடியில் வெறுங்கையால் துழாவினார். சன்னலைச் சாத்தினார். ரோட்டில் ஜப்பான் லாரி கடந்து போகும்வரை மூச்சை அடக்கி நின்றார்.

பிறகு அவள் காதருகே உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்து வாயில் வைத்து, மெல்ல ஊதத் தொடங்கினார்.