முழங்காலுக்குப் பின்னால் ஒரு துடிப்பு

அந்த ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியெல்லாம் கீழ்த்தளத்துக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாக அதைத் துவைத்துக் கொண்டிருந்தவளை மேலே இருந்தவர்கள் போனில் ‘கீழ்த்தளத்து அக்கா’ என்பார்கள். குரல் தெரியும், முகம் தெரியாது. ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரே தம்பி குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தான்.

சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், காலையில் இறங்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் வேலைக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்திருந்தபோது வலது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ துடித்தது. தொட்டுப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். நெஞ்சு அடிக்க அடிக்க அதுவும் அடித்தது. ‘இங்க வந்து பாரேன்’ என்று சொல்ல அறையில் ஆளில்லை. கால் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. காலுறையை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் மேல்மாடிக்கு நோயாளியாகப் போனாள். ரத்தக்குழாய் அறுவை டாக்டர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கி இதய வால்வில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து காலுக்கு வந்து தமனியின் சுவரை அரித்துவிட்டது. அரித்த இடம் பலூன் மாதிரி ஊதி நிற்கிறது. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

“அந்த இடத்தை மட்டும் தச்சுவிட முடியாதா டாக்டர்?”

“சுவரே அழுகிப்போச்சும்மா. தையல் போட்டா நூல் அறுத்துக்கிட்டு வந்துரும்.”

“நைஞ்சு போன துணியில தையல் நிக்காது. நல்ல துணி வர்ற வரைக்கும் வெட்டணும்.”

டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். “அதேதான். நீங்க தையல்காரங்களா?”

“சலவை. கீழ்த்தளம்.”

செயற்கைக் குழாய் வைத்தால் கிருமி அதிலும் குடியேறிவிடுமாம். அதனால் இடது காலிலிருந்து ஒரு ரத்த நாளத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்களாம். அதற்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுகள் உண்டு, திருப்பாவிட்டால் ரத்தம் போகாது என்றார் டாக்டர். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, ‘தம்பி’ என்றாள்.

வார்டிலிருந்து தம்பிக்குப் போன் செய்தாள். அவன் மகளின் பரீட்சை, குளியலறையில் தண்ணீர் ஒழுகுவது, தன் முதுகுவலி எல்லாவற்றையும் சொன்னான். மூச்சு விட்ட இடத்தில் அவள் வாயைத் திறக்கப் போனாள். “சரிக்கா, உடம்பப் பாத்துக்க. ஏதாவதுன்னா சொல்லு” என்று வைத்துவிட்டான். எது ‘ஏதாவது’ என்று யோசித்தபடி போனைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

சம்மதப் படிவத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் நின்றாள். கடைசியில் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்திலிருந்து இஸ்திரிக்காரர் வந்தார். அவளோடு பன்னிரண்டு வருஷம் ஒரே கூடத்தில் வேலை செய்தவர். இயந்திர இரைச்சலில் இருவரும் கைஜாடையிலேயே காலம் தள்ளியிருந்தார்கள். உறவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“தம்பின்னு போடவா?”

“போடுங்க.”

அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. அழுகிய துண்டை வெட்டி எடுத்து, சுற்றிலும் சீழைக் கழுவி, இடது கால் நாளத்தை நல்ல சதைக்குள்ளே ஒதுக்கி ஓட்டினார்கள். கண் விழித்ததும் டாக்டர் அவள் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். ஓடுது என்றார். கால் பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் கறுத்துப்போய், அதை எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. பக்கத்துக் கட்டில்களுக்கு ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். நாற்காலி போதாமல் அவளுடையதை இரவல் கேட்பார்கள். எடுத்துக்குங்க என்பாள். ஒரு தடவை அதைக் காலியாக வைத்திருந்தாள், இஸ்திரிக்காரர் வருவதாகச் சொன்னதால். வந்தார். உட்கார்ந்தார். இரைச்சல் இல்லாத அந்த இடத்தில் இருவருக்கும் பேச்சே வரவில்லை. புது ஆள் துணியைச் சரியாகப் பிழிவதில்லை என்றார். இவள் வெந்நீரின் சூட்டைக் குறைக்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். அவர் போன பிறகும் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போன அன்று ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏற அரை மணி நேரமானது. பூட்டைத் திறந்து கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினாள்.

“ஆளையே காணோமே. ஊருக்குப் போயிருந்தீங்களா?”

“ஆமா.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா பாத்துக்கிட்டாங்க.”

எதிர்க்கதவு மூடியது. உள்ளே போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்தாள்.