ஜூன் 28-ஆம் தேதித் தாளின் பின்பக்கம்

1926-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்தே காலுக்கு, மலாயாவில் குளுவாங்கிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த புக்கிட் லிந்தா ரப்பர் தோட்டத்தில் ஆபீசுக் கணக்கரான கிராணி அந்தோனிப்பிள்ளை அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பியபோது, அவருடைய பாட்டைப் பற்றிக் கருப்பாயி என்ன நினைக்கிறாள் என்பது அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது. அன்றைக்கு மழை இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் பெரட்டுக்கு வந்திருந்தார்கள். ஏழு பேருக்குக் காய்ச்சல். அந்தப் பின்பக்கத்தில் மேலே நான்கு வரி சரித்திரம் இருந்தது. 1838, விக்டோரியா மகாராணி முடிசூடினார். 1914, சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். 1919, வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. 1924, ஜோகூர் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அதே மையில், அதே எழுத்தில்: 'கருப்பாயியின் கருத்து: கிராணி ஐயா சாயங்காலம் பாடுவதை நிறுத்தினால் என் கோழிகள் முட்டையிடும்.'

இது எப்படி இருநூறு பேர் காதில் விழுந்தது என்று கேட்பவர்களுக்கு அந்தத் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கித்தா என்று சொல்லும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது விடியுமுன் வாளியும் கத்தியுமாக ஆபீசு வாசலில் வரிசையாக நிற்பார்கள், கிராணி பெயர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். ஆனால் அந்தோனிப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், படித்தது வீணாகக் கூடாது என்ற கவலை உள்ளவர். பெயர் கூப்பிடுமுன் தேதியை அறிவித்து, அதே தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசித்து, அதைப் பற்றித் தன் சொந்தக் கருத்தையும் சொல்வார். கடற்பாலத்தைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. கப்பல் போகிற இடத்தில் மாட்டுவண்டி போவது முறையல்ல என்பார். ஜனங்கள் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள். இன்னொன்று, ஊரெல்லாம் முடிந்துபோன நாளின் தாளைக் கிழிக்க, இவர் அன்றைய தாளையே காலையில் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு அறிவிப்பார். அதனால் ஆபீசுச் சுவரில் எப்போதும் நாளைய தேதிதான் தொங்கும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருசத்துக்கு நான்கு தடவையாவது ஒரு நாள் முன்னதாகக் குளுவாங் ஸ்டேசனுக்குப் போய் ரயிலுக்குக் காத்திருப்பார்.

கருப்பாயி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அச்சாபீசை அவள் கண்டதும் இல்லை. கிராணி வாசிக்கத் தொடங்கிவிட்டுத்தான் என்ன வாசிக்கிறோம் என்று கவனித்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. முகம் சிவக்க, குரல் கொஞ்சமும் குறையாமல், கோழி முட்டை வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு, "அச்சிலை வந்ததைப் பாதியிலை விட எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அன்று சாயங்காலம் அவர் பாடவில்லை. மூன்றாம் நாள் கருப்பாயியின் கோழிகள் ஆளுக்கு இரண்டு முட்டை இட்டன. நாட்காட்டியைக் கொடுத்த குளுவாங் சீனக்கடை முதலாளியைப் போய் விசாரித்ததில், அவர் கடையில் தொங்கிய நாட்காட்டியில் ஜூன் 28-இன் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அந்தத் தேதியில் சம்பவங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன, முன்பக்கத்தில் இடம் போதாமல் பின்பக்கம் வழிந்திருக்கிறது, வழியும்போது அக்கம்பக்கத்தில் கிடந்ததையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்று கிராணி முடிவு சொன்னார். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. பால் வெட்ட நேரமாகிவிட்டது.

வரிசையில் நின்றவர்களில் வீரமுத்து ஒருவன்தான் சிரிக்கவில்லை. அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்தப் பங்குனியில்தான், அய்யாவு கங்காணியின் மகள் சந்திரமதியைப் பெண் கேட்டு, ஐயாசாமி என்ற பெரிய மனிதர் மூலமாக வெற்றிலைத் தட்டு அனுப்பியிருந்தான். போனவர் "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வந்தார். அது அய்யாவு கங்காணியின் பதில். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம், கிணற்றில் பாம்பு விழுந்துவிட்டது என்றாலும் பார்க்கலாம். சொன்னதைச் சாயங்காலத்துக்குள் மறந்தும்விடுவார். ஆனால் வீரமுத்து அதைச் சந்திரமதியின் பதில் என்று எடுத்துக்கொண்டான். அவள் அவனுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டுகிறவள், நடுவே நான்கு மரத்து இடைவெளிதான். நேரில் கேட்பது அவன் வீட்டு வழக்கமில்லை, அதற்கான வாயும் அவனுக்கு இல்லை. கருப்பாயியின் மனதில் இருப்பது இந்தத் தாளுக்குத் தெரிகிறது என்றால் சந்திரமதியின் மனதில் இருப்பதும் தெரியாமலா போகும் என்று அவன் கணக்குப் போட்டான். அடுத்த ஜூன் 28-க்குக் காத்திருக்க ஆரம்பித்தான்.

அடுத்த ஆண்டுத் தாள் சரித்திரம் நான்கையும் சொல்லிவிட்டு அய்யாவு கங்காணியின் கருத்தைத் தந்தது: 'துரைக்குக் கித்தா மரத்துக்கும் முருங்கை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.' துரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தன் பெயர் அடிபட்டது மட்டும் புரிந்து, என்ன என்று கேட்டார். அச்சில் உள்ளதை மாற்றக்கூடாது, மொழிபெயர்ப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று அந்தோனிப்பிள்ளை அந்த நிமிசத்தில் ஒரு சட்டம் இயற்றிக்கொண்டு, துரை எல்லா மரத்தையும் ஒரே கண்ணால் பார்க்கிறார் என்று கங்காணி மெச்சுவதாக இங்கிலீசில் சொன்னார். துரை மகிழ்ந்துபோய்க் கங்காணிக்கு ஒரு குடை கொடுத்தார். 1928-இல் வந்த கருத்தினால் இரண்டு சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது என்ன கருத்து என்பதை அவர்களின் பேரப்பிள்ளைகளின் நலன் கருதி இங்கே எழுதவில்லை. 1929-இல் கருத்துச் சொன்னது துரையின் நாய்: 'பங்களாவில் வேலை செய்வது நான் மட்டும்தான்.' நியாயம்தான் என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் முதல் பெரட்டில் கடைசிப் பெயராக அந்த நாயையும் கூப்பிட்டார்கள், அதுவும் ஒரு நாள் தவறாமல் வந்து குரல் கொடுத்தது.

இதற்குள் ஜூன் மாதம் வந்தாலே தோட்டத்தில் எல்லோரும் நல்லதாகவே நினைக்கப் பாடுபடுவது வழக்கமாகிவிட்டது. மாமியார்கள் மருமகள்களின் குழம்பை மனதுக்குள்ளும் புகழ்ந்தார்கள். கருத்து வெளியே வந்துவிடுமோ என்று பயந்து சதாசிவம் என்பவர் கோத்தா திங்கியில் இருந்த அக்காள் வீட்டுக்கு ஓடிப்போனார். அந்த வருசத்துக் கருத்து அவருடையதாகவே அமைந்தது. வீரமுத்துவுக்கு மட்டும் இதில் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு ஜூன் 27-ஆம் தேதியும் அவனுக்குச் சோறு இறங்காது, 28-ஆம் தேதி வேறு யாருடைய கருத்தோ வரும், 29-ஆம் தேதி பழையபடி பால் வெட்டப் போவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்திரமதி தன் பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்து அவன் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவன் தீட்டி வைப்பான். திங்கட்கிழமை இருட்டில் அவள் எடுத்துக்கொண்டு போவாள். இதில் ஒரு வார்த்தை கூடச் செலவாகவில்லை. அந்தத் தோட்டத்திலேயே கூரான கத்தி அவளுடையதுதான்.

பிறகு கித்தா விலை விழுந்தது. வெட்டுகிற கூலிக்குக் கூடக் கட்டாது என்று மரங்களைச் சும்மா விட்டார்கள், ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு வருசத்தில் பாதி லயம் காலியானது. 1931-ஆம் ஆண்டுத் தாளில் ராசம்மாவின் கருத்து வந்தது: 'போனவர்கள் போகட்டும், நான் நட்ட முருங்கையை யாரும் வெட்ட வேண்டாம்.' ராசம்மா மே மாதமே கப்பலேறியிருந்தாள். கிராணி அதை இரண்டு தடவை வாசித்தார், அழுதவர்களும் உண்டு. யாரும் அந்த முருங்கையைத் தொடவில்லை. துரை அதைக் கித்தா என்று நினைத்து நம்பர் போட்டுவிட்டுப் போனார். அனுப்பும் பட்டியலில் வீரமுத்துவின் பெயரும் இருந்தது. அவன் துரை பங்களா வாசலில் போய் நின்று, அரைக் கூலிக்குப் புல் வெட்டுகிறேன், என்னை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினான். ஏன் என்று கேட்டதற்கு ஜூன் மாதத்தைக் காரணம் சொன்னான். துரைக்குப் புரியவில்லை, ஆனாலும் பெயரை அடித்துவிட்டார்.

சந்திரமதியைக் கேட்டு அய்யாவு கங்காணியிடம் வந்த வேறு மூன்று பேரை, அவர்கள் தின்ற பலகாரம் செரிக்குமுன்பே அவள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். 1935-இல் அவளுக்கு இருபத்தெட்டு வயது. வீரமுத்துவுக்கு முப்பத்து மூன்று, முன்னந்தலையில் முடி குறைந்துவிட்டது. ஊரிலிருந்து அண்ணன் கடைசியாக எழுதிவிட்டார்: வருகிறாயா, இல்லை உனக்கு நாங்கள் தலைமுழுகட்டுமா. அவன் கப்பலுக்குச் சீட்டு எடுத்தான், ஜூலை நான்காம் தேதிக்கு. தகரப் பெட்டியைக் கட்டி வைத்தான். இந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவது, இதிலும் இல்லையென்றால் அவளுக்கு மனதில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அவன் பெட்டி கட்டியது லயம் முழுக்கத் தெரியும், சந்திரமதிக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கத்தியை அவன் வாசலில் வைக்கவில்லை.

ஜூன் 28 வெள்ளிக்கிழமை வந்தது. கிராணி தாளைக் கிழித்தார், திருப்பினார், வாசித்தார். மகாராணி முடிசூடினார், இளவரசர் சுடப்பட்டார், உடன்படிக்கை கையெழுத்தானது, கடற்பாலம் திறக்கப்பட்டது. பிறகு கோடு. பிறகு, 'சந்திரமதியின் கருத்து: என்னிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.'

அவ்வளவுதான் இருந்தது. கிராணி தாளை விளக்குக்கு எதிரே பிடித்து வேறு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். அய்யாவு கங்காணி, ஒன்பது வருசத்துக்கு முன் வந்த ஒரு வெற்றிலைத் தட்டு அப்போதுதான் ஞாபகம் வந்து, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நின்றுகொண்டே தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள். எல்லாத் தலையும் வீரமுத்து பக்கம் திரும்பியது, நாய் உட்பட.

"வீரமுத்து, நான் வாசிச்சு முடிச்சிட்டன். இனி நீர்தான் கதைக்க வேணும்" என்றார் கிராணி.

வீரமுத்து வாயைத் திறந்தான், மூடினான். கிழக்கு வெளுத்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாக ஆக மரத்தில் பால் குறையும். பதினோரு நிமிசம் ஆனதாகக் கிராணி குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவு பேருக்கு நடுவே அவன் வரிசையை விட்டு விலகி, நான்கு மரத்து இடைவெளியைப் போல நான்கு அடி எடுத்து வைத்து, அவள் முன்னால் போய் நின்றான்.

"என்னக் கட்டிக்கிறியா?" என்றான்.

சந்திரமதி வாளியைக் கீழே வைத்தாள். "ஒம்பது வருசமா கத்தி தீட்டிக் குடுத்தீங்க. இந்த ஒரு வார்த்தைய எங்க வச்சிருந்தீங்க?" என்றாள். வாளியை மறுபடியும் எடுத்துக்கொண்டாள். "கட்டிக்கிறேன். வாங்க, வெயில் ஏறுது."

அன்று தோட்டத்தில் பால் பாதிதான் தேறியது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. தகரப் பெட்டி அரிசி போட்டு வைக்க உதவியது.

1936-இல் ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு கிடையாது, ஆனாலும் எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள். சரித்திரம் அந்த ஆண்டு ஐந்து வரியாகியிருந்தது. கடற்பாலத்துக்கு அடுத்த வரி: '1935, வீரமுத்து வாய் திறந்தார்.' கோட்டுக்குக் கீழே மறுபடியும் கருப்பாயி: 'கோழியை எல்லாம் விற்றாகிவிட்டது, கிராணி ஐயா பாடலாம்.' அச்சில் வந்துவிட்டதால் அந்தோனிப்பிள்ளை அங்கேயே நின்று ஒரு முழுப் பாட்டையும் பாடினார். பத்து வருசத்தில் குரல் ஒன்றும் மாறவில்லை. ஐந்தாவது வரி வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை, வர வேண்டியதுதானே என்றார்கள். சந்திரமதி மட்டும், வயிற்றுச் சுமையோடு முன்னால் வந்து, "இதுல பாதிதானே இருக்கு, நான் சரின்னு சொன்னது எங்க?" என்று கேட்டாள். கிராணி அதை முறைப்படி குறித்துக்கொண்டு, தாளின் மேல் குண்டூசியால் குத்தி வைத்தார்.

அடுத்த ஆண்டு அந்த வரி திருத்தப்பட்டு வந்தது. '1935, வீரமுத்து வாய் திறந்தார், சந்திரமதி சம்மதித்தார்.' விக்டோரியா மகாராணி அதே இடத்தில்தான் இருந்தார்.