முதலியார் மோட்டாரின் சூட்டு முள்

"நிறுத்துன்னு நான் சொன்னேனா? முள்ளு—"

"முள்ளு கெடக்குது எஜமான், எஞ்சின் மூடியில பொகை—"

"சூடு காட்டுற முள்ளு கீழயே நின்னுகினு இருந்திச்சு! சூடே இல்ல! என் கண்ணால பார்த்தேன்."

"பொகையும் உங்க கண்ணுக்கு முன்னாலதான் வந்திச்சு எஜமான்."

வீடு திரும்பியும் கங்காதர முதலியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திருவேற்காட்டுத் தேரன்று முதல் பரிவட்டம் அவருக்கென்று பேசி முடித்திருந்தார்கள். சீமைக்குத் திரும்பிய துரையிடம் வாங்கிய மோட்டாரில் போய் இறங்குவதென்று முடிவாயிற்று. சும்மா போனால் யார் பார்ப்பார்கள்? கள்ளிக்குப்பத்திலிருந்தே மேளக்காரர்களை முன்னால் நடக்கவிட்டார். நாயனக்காரர் மூச்சு வாங்க நின்றால் மோட்டாரும் நின்றது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் டிரைவர் பஷீருதீன் எஞ்சினை அணைத்துவிட்டார். அது ஆறுவதற்குள், மாட்டு வண்டியில் வந்த பரந்தாம நாயக்கர் தலையில் பரிவட்டம் ஏறிவிட்டது.

"பீடி குடிக்க நிறுத்தினே. நாளையிலேர்ந்து வராதே."

"போறேன் எஜமான். பதினேழு வருசமா ஓட்டறேன். சும்மா நிறுத்தினவன்னு நீங்க சொல்லிட்டா, அப்புறம் எவன் என்னை வண்டியில ஏத்துவான்? முள்ளைச் சோதிச்சிட்டு அனுப்புங்க."

"எப்படிச் சோதிப்பே?"

"எஞ்சினுக்குள்ள இருக்கிற முள்ளோட குமிழைக் கழட்டிக் கொதிக்கிற தண்ணியில போடணும். முள்ளு ஏறிச்சுன்னா நான் பொய்யன்."

முதலியாரின் மனைவி வடிவு சமையல் பாத்திரம் தரமாட்டேன் என்றாள். குளிக்கிற வெந்நீர்த் தவலையைக் கொண்டுவந்து, மோட்டார் பக்கத்திலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பஷீருதீன் குமிழைப் போட்டார்.

முள் அசையவில்லை.

குமிழிலிருந்து முள்ளுக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பலகையில் விரல் நின்றது. அங்கே முருகன் படம் மாட்டியிருந்தது.

"இந்தா பாருங்க. படத்து ஆணி குழாயைத் தொளைச்சிருக்குது. முள்ளைத் தள்ளுற ஆவியெல்லாம் வெளியே போயிடுச்சு."

"முருகனைக் குத்தம் சொல்றியா?"

"முருகனை இல்ல எஜமான். ஆணியை."

"ஆணியை எவன் அடிச்சான்?"



"நீங்கதான்," என்றாள் வடிவு. "ஆயுத பூசையன்னிக்கி. கொல்லன் அடிச்சா சுத்தமில்லேன்னு நீங்களே அடிச்சீங்க. சுத்தியல நான்தான் எடுத்தாந்து குடுத்தேன்."

முதலியார் படத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், கடைசியில் அவர் பார்வை தவலையில் வந்து நின்றது.

"துரை வச்சிருந்த முள்ளு. சீமையில செஞ்சது. அது பொய் சொல்லாது. உன் தண்ணிதான் கொதிக்கல."

"இன்னாது?" என்றாள் வடிவு.

"கொதிக்கல. கொதிச்சிருந்தா முள்ளு ஏறியிருக்கும். நீ கெளம்பு பஷீரு."

தவலையிலிருந்து தண்ணீர் தெறித்து அடுப்பில் விழுந்து சுரீரென்றது. பஷீருதீன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"கொதிக்காத தண்ணிதானே? ஒரு தரம் கைய உட்டுக் காட்டுங்க, பாய் பார்த்துட்டே போவட்டும்."