தூளில் குற்றமில்லை

கிளமெண்டியில் அந்தத் தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியும். வெயில் ஏறிவிட்டால் முகமூடிக்குள் வேர்க்கும், வேர்வையில் கரித்தூள் ஒட்டும், கண் எரியும். அல்போன்சம்மாள் லேசர் பிரிண்டரில் தூள் தீர்ந்துபோன டோனர் பெட்டியை மடியில் கிடத்தித் திருகுகளைக் கழற்றுவாள். பழைய தூளைத் தட்டிவிட்டுப் புதுத் தூளைப் புனல் வழியே இறக்குவாள். தும்மினால் கருப்பாய் வரும். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டக்கூட அவளுக்குக் கூச்சம்.

நிரப்பிய பெட்டியின் அடியில் ஆளுக்கொரு நிறத்தில் நகச்சாயப் பொட்டு வைப்பார்கள். முதலாளி கேட்டு வந்த வழக்கமல்ல. "நம்ம வேலைன்னு தெரிய வேணாமா?" என்று ஜரீனா ஆரம்பித்து வைத்தது. அவளுக்குச் சிவப்பு, அல்போன்சம்மாளுக்கு நீலம். ஆறு பெண்கள், ஆறு நிறம். ஒழுங்காக உழைப்பவர்களுக்குத்தான் இப்படி ஏமாளித்தனமான பெருமை வரும்.

1988-இல் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. அலுவலகங்களில் இருந்த லேசர் பிரிண்டர்கள் அவற்றை ஏற்க மறுத்துச் சிவப்பு விளக்கைக் காட்டின. பட்டறையில் இருந்த பிரிண்டரிலோ அதே பெட்டி அழகாக அச்சடித்தது. திரும்பியவற்றில் எல்லா நிறமும் இருந்தது. முதலாளி பேரின்பநாயகம் நீலத்தை மட்டும் பொறுக்கி எடுத்தார். அங்கே அதிக நாள் வேலை பார்த்தவள் அல்போன்சம்மாள்தான்.

அலுவலகங்களுக்குப் போய்ப் பழுது பார்ப்பது இஞ்ஞாசியின் வேலை. அவன் மகளுக்கு ஞானத்தாய் அல்போன்சம்மாள். முதலாளி அவன் முன்னால் பதினொரு புகார்த் தாள்களை வைத்தார். எல்லாவற்றிலும் 'நிரப்பியதில் கோளாறு' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

"நீர் சைன் போடும், இஞ்ஞாசி. சும்மா ஃபைலுக்குத்தான்."

போட்டான். ஒரு பிரிண்டரைக்கூடத் திறந்து பார்க்காமல் போட்டான். பழி தன் தலையில் விழவில்லையே என்ற நிம்மதி வேறு.

மறுவாரம் அல்போன்சம்மாளுக்குக் கடிதம் வந்தது. வேலையில் குறை, திங்கட்கிழமையோடு நீக்கம், இழப்பீடு எதுவும் இல்லை. "என் கையா கெட்டுப்போச்சு?" என்று அவள் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி இஞ்ஞாசியைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை ஒரு நீலப் பொட்டுப் பெட்டியோடு சிராங்கூன் சாலையில் ஒரு பயண முகவர் அலுவலகத்துக்குப் போனான். அங்கே குமாஸ்தா குணமணி வைத்திருந்தது புது மாடல் பிரிண்டர். பட்டறையில் இருந்ததோ பழையது. முதன்முறையாக அந்த வித்தியாசம் அவனுக்கு உறைத்தது. அவரிடமிருந்து பிரிண்டர் கம்பெனியின் புதுப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினான். தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் தூளைக் கொட்டிவிட்டு அல்போன்சம்மாள் நிரப்பிய தூளை அதில் போட்டான். பிரிண்டர் மறுபேச்சில்லாமல் அச்சடித்தது. கம்பெனித் தூளை நீலப் பொட்டுப் பெட்டியில் போட்டான். சிவப்பு விளக்கு.

தூளில் குற்றமில்லை. பெட்டியின் பக்கவாட்டில் முடி கனத்தில் ஒரு கம்பி. புதுப் பெட்டியில் முழுதாக இருந்தது, நீலப் பொட்டுப் பெட்டியில் எரிந்து கிடந்தது. முதல் தூள் தீர்ந்ததும் பிரிண்டரே அதை எரித்துவிடுகிறது. பிறகு தங்கத்தையே நிரப்பினாலும் ஏற்காது.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் குணமணி. "ரீஃபில் போட்டா ஓடாதுன்னு கம்பெனி எல்லாருக்கும் லெட்டர் அனுப்பி ரெண்டு மாசமாச்சே லா. உங்க பாஸே வந்து சொன்னார். அடுத்த மாசத்திலேர்ந்து ஒரிஜினல் அவர்கிட்டயே வாங்கிக்கலாமாம். ஏஜென்சி எடுத்துட்டாராம்."

இஞ்ஞாசி கரி அப்பிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பட்டறையை மூடப் போகிறார். ஆட்குறைப்பு என்று சொன்னால் இழப்பீடு கேட்பார்கள். குற்றவாளிகளாக்கி ஒவ்வொருவராக வெளியே தள்ளினால் கேட்க ஆளில்லை. பாவி, அதற்கு என் கையெழுத்தா கிடைத்தது!

திங்கள் காலை எல்லாப் பெண்கள் முன்னாலும் சொன்னான். கண்டுபிடித்ததைச் சொன்னான், பதினொரு கையெழுத்தையும் சொன்னான். அல்போன்சம்மாள் அவனை அடிக்கவில்லை, அழவுமில்லை. "நீயா?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை.

பேரின்பநாயகம் அறையிலிருந்து வந்தார். "என்ன கூட்டம் இங்க?"

"லெட்டர் உங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வந்துச்சா சார்?" என்றாள் ஜரீனா.

"அது பிசினஸ் விஷயம். உங்களுக்கு என்னத்துக்கு?"

"அக்காவ கையாலாகாதவன்னு எழுதினது யாரு விஷயம்?"

"அவவுக்கு மட்டும்தானே லெட்டர்? மற்ற ஆக்கள் வேலையைப் பாருங்கோ."

"அடுத்த மாசம் எனக்கு. அதுக்கடுத்து இவளுக்கு. வரிசை தெரியும் சார்."

அவர் இஞ்ஞாசி பக்கம் திரும்பினார். "நீர்தானே சைன் வச்சீர்? இப்ப மாத்திச் சொன்னா உம்மடை வேலையும் போகும்."

இஞ்ஞாசி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தான். 'பதினொரு தாளிலும் நான் சோதிக்காமல் கையெழுத்திட்டேன். கோளாறு நிரப்பியவர்களிடம் இல்லை' என்று எழுதி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு அல்போன்சம்மாளிடம் கொடுத்தான். வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வராமலில்லை.

ஜரீனா முகமூடியைக் கழற்றினாள். மற்ற நால்வரும் எழுந்தார்கள். அரை நிரப்பில் நின்ற பெட்டிகளை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

"லேபர் ஆபீஸ் போறோம் சார்," என்றாள் ஜரீனா.

"போனா திரும்பி வர ஏலாது!"

அவர்கள் படியிறங்கத் தொடங்கினார்கள். அந்த அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ, நாளைக்கு யாருக்கு வேலை இருக்குமோ, ஒருவருக்கும் தெரியாது. கூட வர முகமில்லாமல் இஞ்ஞாசி படிக்கட்டில் பின்தங்கி நின்றான்.

கீழ்ப்படியில் இருந்து அல்போன்சம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ன மன்னிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம். சாட்சி நீதான். பஸ் வந்துரும், வா!"