செருப்பைப் பற்றிய விதி

எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் செல்லூர்ச் சந்திலிருந்து பைபாஸ் ரோட்டுப் புதுக் கட்டடத்துக்கு மாறிய வாரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை வேண்டும் என்று சிவபாண்டி சாருக்குத் தோன்றிவிட்டது. கூட்டம் போட்டார். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, பெண்களுக்கு நீலச் சேலை. மெரூன்தான் வேண்டும் என்று பாண்டிமீனா மல்லுக்கட்டினாள். என் முக்காட்டைப் பற்றி யாராவது வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். "நாஸியா, அதே நீலத்துல தலைக்கும் துணி எடுத்துக்கம்மா" என்றுவிட்டார் சார். வரிந்துகட்டி வந்தவளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

கடைசியாக ஒன்று சொன்னார். "புதுத் தரை. ஸ்டாஃப் எல்லாரும் செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்க. கிளையண்ட் போட்டுக்கிட்டு வரட்டும். அவுகளை நாம சொல்ல முடியாதுல்ல."

தலையாட்டினோம். பீமாராவ் மட்டும் ஆட்டவில்லை. எங்களிடமே பயிற்சிக்குச் சேர்ந்து, பரீட்சை தேறி, சாருக்கு அடுத்த நாற்காலியில் அன்றுதான் உட்கார்ந்தவர்.

"சட்டை எந்தக் கலர்னாலும் சரி சார். செருப்பை மட்டும் கழட்ட மாட்டேன்."

"கோயில்ல கழட்டுறோம், வீட்டுல கழட்டுறோம். இங்க என்னப்பா கௌரவம்?"

"கோயில்ல எல்லாரும் கழட்டுறாங்க சார். இங்க ஒருத்தர் போட்டிருக்கையில இன்னொருத்தர் கழட்டணும்ங்கிறீங்க. அந்த விதி இருந்தா நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

சார் கெட்டவர் இல்லை. ஆனால் எதிர்ப்பேச்சு கேட்டுப் பழகாதவர். முகம் கறுத்து, "அப்ப உன் இஷ்டம்" என்று ஆரம்பித்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது.

பீமாராவின் அப்பா மலைச்சாமி. மகன் உட்காரும் நாற்காலியைப் பார்க்க அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். வெளுத்த வேட்டி, காலெல்லாம் ரோட்டுப் புழுதி. செருப்பு இரண்டும் கக்கத்தில் இருந்தன.

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கய்யா, வாங்க. பாத்தியா பீமா? யாரும் சொல்லாமலே ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இதான்யா மரியாதை!"

"மரியாதை இல்ல சார், பயம்" என்றார் பீமாராவ். குரல் உயரவில்லை. "அப்பா சின்னப் புள்ளையா இருக்கையில, ஊர்ல பெரிய தெருவைத் தாண்டணும்னா எங்க ஆளுக செருப்பு கக்கத்துலதான் இருக்கணும். ஒருநா போட்டு நடந்துட்டாருன்னு கட்டி வச்சு அடிச்சாங்க. இன்னைக்கும் பெரிய கட்டடத்தைக் கண்டா கழட்டிர்றாரு. எனக்குப் பேரு மட்டும் துணிச்சலா வச்சாரு."

பெரியவர் பதறிப்போனார். "அட விடப்பா. பழகிப்போச்சு. சார், புள்ளையத் தப்பா நெனச்சுக்கிறாதீக."

பீமாராவ் அந்தச் செருப்புகளை வாங்கி, குனிந்து அவர் காலடியில் வைத்தார். "போடுங்கப்பா."

அவர் போடவில்லை. சாரின் முகத்தைப் பார்த்தார். உத்தரவுக்குக் காத்து நின்றார். சாரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"போட்டுக்கங்கய்யா" என்றார். பிறகு, விதிகளைக் குறித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பாமலே, "நாஸியா, செருப்பு விதி வேணாம்மா" என்றார்.

பெரியவர் போட்டுக்கொண்டார். தரை அழுக்காகிவிடும் என்று நுனிக்காலில் நடந்து மகனின் நாற்காலி வரைக்கும் போனார். அதன் கையைத் தடவிப் பார்த்தார்.

"உக்காருங்கப்பா" என்றார் பீமாராவ்.

உட்காருவதற்கு முன்பும் பெரியவர் சாரின் முகத்தைத்தான் பார்த்தார்.