அம்பாரத்தில் விழுந்த மதிப்பெண் பட்டியல்

1

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக விவரங்களைத் திறக்கும் போனைப் பூட்டி வையுங்கள், கடவுச்சொல்லைப் போனிலேயே சேமிக்காதீர்கள், தொலைந்தால் உடனே சொல்லுங்கள் என்று மூன்றே வரி. யாரோ எனக்கும் அனுப்பியிருந்தார்கள். இதில் என்ன கதை கிடக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினேன். அப்புறம், இதைப் படிக்காமலே 'பெறப்பட்டது' என்று பதில் போட்டிருக்கக்கூடிய ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். வித்யாலக்ஷ்மி என்று பெயரோடு வந்து நின்றாள்.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். 'குத்தாலத்துக்கு மேற்கே கதிரவன் சாய்ந்துகொண்டிருந்த' — வேண்டாம், அவன் தினமும்தான் சாய்கிறான். 'தகவல் யுகத்தில் மனித மனம்' — ஐயோ. கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன்:

வித்யாலக்ஷ்மியின் போன் நெல்லுக்குள் விழுந்தது.

2

அவள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். ஒரு காலத்தில் மிராசு குடும்பம். இப்போது மிச்சமிருப்பது வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு நிலம். அதைக் குத்தகைக்குச் செய்பவர் ஜெயபால். பட்டா இவள் பெயரில் இருப்பதால் அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் குறுஞ்செய்தி இவள் போனுக்குத்தான் வரும். ஆகவே சம்பா நெல்லோடு நெல்லாக இவளும் போயாக வேண்டும்.

முறை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று குவித்துக் கொட்டிய நெல் அம்பாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மதிப்பெண் பதிவேற்றும் செயலியைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பட்டியலை முடக்கிவிடுவார்கள். அதுவரை அந்தப் போனைத் திறக்கிற யாரும் எந்த மாணவரின் எண்ணையும் மாற்றலாம். அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்து பெயரைக் கூப்பிட, போன் மடியில் இருப்பதை மறந்து எழுந்து ஓடினாள். கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோது போன் இல்லை. அம்பாரத்தில் பாதி மூட்டையாகியிருந்தது.

"ஜெயபாலண்ணே, என் நம்பருக்கு ஒரு ரிங் குடுங்க!"

"சுவிட்ச் ஆஃப்னு வருது டீச்சர்."

மேசையடி, மூட்டைகளின் இடுக்கு என்று எங்கும் ஓடித் தேடினாள். நெல்லுக்குள் விழுந்த போன் தானாக அணையாது.

(ஒரு பக்கக் குறிப்பு: போனுக்குப் பூட்டு இருந்தது. எண் 2143. வங்கி அட்டை, வைஃபை, கேட் பூட்டு என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். நிலத்தின் சர்வே நம்பர் 214/3. நிலம் கரைந்தாலும் நம்பர் கரையக் கூடாது என்று அவள் அப்பா அதை மோட்டார் கொட்டகைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஊரில் மாடுகளுக்கு மட்டும்தான் அது தெரியாது. செயலியின் கடவுச்சொல்லோ போனிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்ட கதை.)

3

ஜெயபாலின் மகள் அபிநயா, வித்யாலக்ஷ்மியின் மாணவி. காலையிலிருந்து அங்கேதான் சிதறிய நெல்லைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது ஆளைக் காணோம். பட்டியலில் அவள் மதிப்பெண் முப்பத்தொன்பது. தேற நாற்பது வேண்டும்.

முதல் பிரதியில் அபிநயாதான் போனைத் திருடினாள். 'நடுங்கும் விரல்களால் முப்பத்தொன்பதை அழித்து' — இந்த வாக்கியம் என் கணினியில் வெகுநாள் கிடந்தது. படிக்கும்போதெல்லாம் கூசியது. குத்தகைக்காரர் மகள், ஒரு மார்க் குறைவு, கைக்கெட்டிய போன். இவ்வளவு சுலபமாக வந்து உட்காருகிற திருடியை நான் நம்புவதில்லை. ஆனால் வித்யாலக்ஷ்மிக்கு என் சங்கடம் தெரியாதே. அவள் நினைத்துவிட்டாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தாள்.

"அபிநயா எங்கண்ணே?"

"இங்கதான இருந்துச்சு. தண்ணி குடிக்கப் போயிருக்கும். நீங்க பயப்படாதீங்க டீச்சர், தச்ச மூட்டையெல்லாம் பிரிச்சுக் கொட்டச் சொல்றேன்."

தன் நெல்லையே மறுபடி கொட்டத் தயாராக நின்றார் மனுஷன். அவளுக்கு முள்ளாகக் குத்தியது. அவருடைய போனை வாங்கி, கல்லூரியில் எண்ணைக் கேட்டு, பல்கலைக்கழகத்தின் கணினி உதவி மையத்தை அழைத்தாள். எடுத்தவர் பெயர் ராகவேந்திரா.

"உங்க கணக்க இப்பவே நிறுத்திடறேன் மேடம். ஒரு நிமிஷம்... ஏற்கெனவே லாக் அவுட் ஆகியிருக்கே? கொஞ்சம் முன்னாடி, அதே போன்லேர்ந்து."

"நான் பண்ணலையே!"

"அப்ப வேற யாரோ போனத் தொறந்திருக்காங்க."

அவள் நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மார்க்கு? மார்க்கு ஏதாவது மாறியிருக்கா?"

"பாக்கறேன். லைன்லயே இருங்க."

4

தேர்ந்த எழுத்தாளர் இந்த இடத்தில் உங்களைக் காக்கவைப்பார். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.

"எதுவும் மாறல மேடம். கடைசியா மாத்துனது நேத்து, நீங்கதான்."

அப்பாடா. அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். போன் போனால் போகட்டும் என்று ஜெயபாலைத் தடுத்துவிட்டு, அவர் போனைக் காதில் வைத்தபடியே தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். அங்கே துப்பட்டாவில் எதையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு அபிநயா நின்றிருந்தாள்.

"எங்க மேடம் போனீங்க? எப்படியும் வண்டிக்குத்தான வருவீங்கன்னு இங்கயே நிக்கிறேன்."

எல்லா இடத்தையும் தேடியவள் வண்டிப் பக்கம் மட்டும் வரவில்லை.

"நெல்லு தள்றப்ப கெடச்சுது. யாரோடதுன்னு பாக்கத்தான் தொறந்தேன். உங்களுதா இருக்குமோன்னு உங்க கொட்டகை நம்பரப் போட்டுப் பாத்தேன், தொறந்துடுச்சு. மார்க் லிஸ்ட்டு. என் பேருதான் மொதல்ல. பாத்தேன் மேடம், பாக்கலன்னு சொன்னா பொய்யி."

"அப்புறம்?"

"பயந்துட்டேன். இதுல ஏதாவது மாறுனா என் தலையிலதான விடியும்? லாக் அவுட் பண்ணி ஆஃப் பண்ணிட்டேன்."

வித்யாலக்ஷ்மி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உமி ஒட்டி அரித்தது; விடவில்லை. "உன்னத்தான் சந்தேகப்பட்டேன் அபி."

"தெரியும் மேடம். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

காதில் ராகவேந்திரா: "யாருன்னு தெரிஞ்சுதா மேடம்? நான் பதிவு பண்ணணும்."

"என் மாணவி. நான் தொறந்துபோட்டுட்டு வந்தத அவ சாத்தி வச்சிருக்கா. அப்படியே எழுதிக்குங்க."

5

அங்கேயே நின்று பூட்டு எண்ணை மாற்றினாள்; வீட்டுக்குப் போய் அட்டை, வைஃபை, கேட் எல்லாவற்றுக்கும் மாற்றினாள். பழைய எண்ணை அதனால்தான் உங்களிடம் தாராளமாகச் சொன்னேன். புதிய எண் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சுற்றறிக்கையை நான் படித்திருக்கிறேன்.

மிச்சம் அந்த முப்பத்தொன்பது. மறுமதிப்பீட்டில் ஒரு மார்க் கூடியது என்று ஒரு முடிவு எழுதினேன். விடைத்தாளில் ஒரு பக்கம் திருத்தாமல் விட்டுப்போயிருந்தது என்று இன்னொன்று. இரண்டும் நம்பும்படியாகத்தான் இருந்தன. இந்தக் கதையின் கோப்புக்குப் பூட்டு கிடையாது. முப்பத்தொன்பதை அழித்து நாற்பது போட எனக்கு ஒரு விரல் போதும், ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்தப் போன் கையில் திறந்திருந்தபோது அபிநயாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

விரலை எடுத்துவிட்டேன். அவள் ஏப்ரலில் மறுபடி எழுதுவாள். தேறுவாளா என்பது இனி உங்கள் பாடு. பட்டியல் உங்கள் கையில் திறந்திருக்கிறது. நான் லாக் அவுட் செய்கிறேன்.